ஊட்டிய கைக்கு இன்னொரு வேலை

"மிஸ்ஸி, அம்மா ரெண்டு நாளா ஒரு வாய் கஞ்சிகூட எடுத்துக்கல. டியூப் போட்டாவது குடுக்கலாமா?"

அந்திமகால நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே சென்று பார்க்கும் தாதி நான். வலியைப் பற்றிக் கேட்பவர்களைவிடச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பவர்களே எனக்கு அதிகம். அதில் ஆச்சரியம் இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம் நாம் முதலில் கேட்பதே "சாப்பிட்டீங்களா?" என்றுதான். கோபத்தில் பேசாமல் இருக்கும் அம்மாகூடத் தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் படுக்கப் போவார். அப்படி வளர்ந்த பிள்ளையிடம் "இனி வற்புறுத்தி ஊட்டவேண்டாம்" என்று சொன்னால், "இனிப் பாசம் காட்டவேண்டாம்" என்றே காதில் விழுகிறது. போதாக்குறைக்கு, பார்க்க வரும் உறவினர் யாராவது "என்ன இப்படி மெலிஞ்சுட்டாங்க, ஒழுங்காச் சாப்பாடு குடுக்கறதில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

முதலில் உடம்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன். தீராத நோய் இறுதிக் கட்டத்தை நெருங்கும்போது, உணவைப் பயன்படுத்தும் திறனை உடம்பு மெல்ல மெல்ல இழக்கிறது. பசி குறையும். விழுங்கும் சக்தி தளரும். அப்போது வற்புறுத்தி ஊட்டினால் வயிறு உப்பும், வாந்தி வரும், உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் அபாயமும் உண்டு. கடைசி நாட்களில் ஏற்றும் 'டிரிப்'கூடச் சிலருக்குக் கைகால் வீக்கத்தையும் நெஞ்சுச் சளியையும் கூட்டலாம். சாப்பிடாததால் அவர் இறக்கவில்லை. நோய் முற்றிவிட்டதால் சாப்பிட முடியவில்லை.

இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். மறுநாள் போனால் கரண்டி மறுபடியும் கையில் இருக்கும்.

ஈசூனில் ஒரு மூவறை வீடு. யாரென்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். மகள் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். "அம்மாகிட்ட நோயைப் பத்தி எதுவும் சொல்லிடாதீங்க, தாங்கமாட்டாங்க" என்று முதல் நாளே வாசலில் வைத்து என்னிடம் கேட்டுக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கஞ்சி, சூப், சத்துமாவுப் பால். அம்மா ஒவ்வொரு வாயையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். இரவில் எல்லாம் வாந்தியாக வெளியே வந்துவிடும்.

ஒரு நாள் மகள் டயப்பர் வாங்கக் கீழே கடைக்குப் போயிருந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு எல்லாம் தெரியும் மிஸ்ஸி. சாப்பாடு உள்ள போனா வயித்தைப் பிசையுது. அவ அழறாளேன்னுதான் முழுங்கறேன். அவகிட்டச் சொல்லிடாதீங்க, தாங்கமாட்டா."

அம்மாவுக்காக மகள் ஊட்டினார். மகளுக்காக அம்மா விழுங்கினார். இரண்டு பேருமே மற்றவர் தாங்கமாட்டார் என்று நினைத்தார்கள்.

"நான் சொல்லலம்மா. நீங்களே சொல்றீங்களா? நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். மகள் வந்து உட்கார்ந்ததும், "நீ ஊட்டினது போதும்மா, வயிறு நெறஞ்சிடுச்சு" என்றார். மகளுக்குப் புரிந்துவிட்டது. வெகுநேரம் அழுதார். நான் தடுக்கவில்லை, எதுவும் சொல்லவும் இல்லை. அழ இடம் கொடுத்து உடன் உட்கார்ந்திருப்பதும் எங்கள் வேலைதான். அன்று மாலையே அலமாரியில் இருக்கும் பச்சைப் பட்டுப்புடவையைத்தான் தனக்குக் கடைசியாகக் கட்டவேண்டும் என்று அம்மா சொன்னார். ஜோகூரில் இருக்கும் மகனை வரச்சொல்லவும் சொன்னார்.

கரண்டியை வாங்கி வைத்தால், ஊட்டிய கைக்கு வேறு வேலை கொடுக்கவேண்டும். பஞ்சு வைத்த சிறு குச்சியைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, வாயின் உட்புறத்தை எப்படித் துடைப்பது என்று மகளுக்குக் காட்டினேன். உதட்டுக்கு வாஸலின். முதுகில் புண் வராமல் இருக்க, நேரம் பார்த்து மெதுவாகத் திருப்பிப் படுக்கவைப்பது. பாதத்துக்கு எண்ணெய். "அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டேன். "கோப்பி ஓ" என்றார். "அப்போ அதுலயே நனைங்க." அந்தப் பஞ்சு உதட்டில் பட்டதும் அம்மா சப்புக்கொட்டினார். மகள் சிரித்துக்கொண்டே அழுதார்.

நவீன அந்திமகாலப் பராமரிப்புக்கு வழிகாட்டிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் தாதியாக இருந்தவர். பிறகு மருத்துவ சமூக ஊழியராகி, அதன்பின் மருத்துவம் படித்து, 1967ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் இல்லத்தைத் தொடங்கினார். உடல் வலியோடு மனம், குடும்பம், நம்பிக்கை சார்ந்த வலிகளையும் சேர்த்து 'முழு வலி' என்றார் அவர். ஈசூன் அம்மாவின் வயிற்று வலிக்கு மார்ஃபின் இருந்தது. மகள் அழுவாளே என்ற வலிக்கு அந்த மருந்து போதாது. (மார்ஃபின் என்றாலே பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அது வலியையும் மூச்சுத்திணறலையும் குறைக்கும். உயிரைப் பறிப்பதற்காகக் கொடுப்பதல்ல.)

நம் வீடுகளில் கடைசி நேரத்தில் வாயில் பால் ஊற்றும் வழக்கம் உண்டு. ஈசூன் வீட்டிலும் தாய்மாமா டம்ளரோடு வந்து நின்றார். நினைவில்லாதவரின் வாயில் ஊற்றினால் புரை ஏறும். அதற்காக வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு மனம் வராது. "ஊத்தாம, பஞ்சுல நனைச்சு உதட்டுல தொட்டு வைங்க மாமா" என்றேன். மகன், மகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக வந்து வைத்தார்கள்.

பேச்சு நின்ற பிறகும் பேசுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ல் வெளியிட்ட ஆய்வில், கடைசி மணி நேரங்களில் அசைவற்றுக் கிடந்த நோயாளிகள் சிலரின் மூளை ஒலிகளுக்குப் பதில் காட்டியது பதிவானது. ஆகவே கட்டிலருகே சொத்துப் பேச்சு, சண்டை எல்லாம் வேண்டாம். யார் வந்திருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் மருத்துவமனையில் நிகழும் மரணங்களை 61 விழுக்காட்டிலிருந்து 2027க்குள் 51 விழுக்காட்டுக்குக் குறைக்கச் சுகாதார அமைச்சு 2023ல் இலக்கு வகுத்தது. அப்படியென்றால் இனி இன்னும் பல பிள்ளைகள் வீட்டில் கட்டிலருகே உட்கார்ந்திருப்பார்கள். சில விஷயங்களை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பராமரிப்புக் குழுவின் 24 மணி நேர எண் இருந்தால் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். எதிர்பார்த்த மரணம் என்றால் பதறாமல் அந்த எண்ணை அழையுங்கள். வீட்டுக்கு வரும் மருத்துவர் மரணத்தை உறுதிசெய்து இணையத்தில் சான்றளித்ததும் அது தானாகப் பதிவாகிவிடும். 2022 மே 29 முதல் இந்த நடைமுறைதான். யாரும் அலுவலகத்துக்கு ஓடவேண்டியதில்லை.

பெற்றோர் நன்றாக இருக்கும்போதே முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் பற்றி மருத்துவமனையிலோ பலதுறை மருந்தகத்திலோ விசாரியுங்கள். அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று இளையர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையிலேயே தொடங்கலாம். "உங்களுக்கு முடியாமப் போனா, என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது?" என்று கேளுங்கள். முதல் தடவை பேச்சை மாற்றுவார்கள். அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள்.