எதிரே அமர்பவர்

ஊக்கம் என்பது ஒருவர் பேச, மற்றொருவர் கேட்டுப் பெறும் பொருள் என்னும் எண்ணம் இன்று பரவலாகக் காணப்படுகிறது. பள்ளிகளில் ஊக்கவுரைகள் நிகழ்கின்றன. பேச்சாளர் சாதனையாளர்களின் வாழ்க்கையை எடுத்துரைக்கிறார். மாணவர்கள் மெய்மறந்து கேட்கின்றனர். அரங்கம் கைத்தட்டலால் நிறைகிறது. மறுநாள் காலையில், புரியாத கணக்கு முன்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. முந்தைய நாளின் எழுச்சியோ மறைந்துவிடுகிறது. கேட்டவரின் சோம்பலே இதற்குக் காரணம் என்று கூறிவிடுவது எளிது. ஆனால், அஃது உண்மையன்று. ஊக்கம் சொல்லால் பிறக்கலாம். சொல்லால் மட்டும் அது வளர்வதில்லை. அது வளர்வதற்கு நாள்தோறும் செல்லத்தக்க ஓர் இடமும், தவறாத ஒரு வேளையும், எதிரே வந்து அமரும் ஒரு மனிதரும் தேவை. இதற்கு வடசென்னையில் தெளிவானதொரு சான்று உண்டு.

உழைப்பாளர் வாழும் நிலம்

தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அதன்பின் துறைமுகமும் பணிமனைகளும் ஆலைகளும், எண்ணூர் வரை நீண்ட தொழிற்கூடங்களும் வடசென்னையை உழைப்பாளர் நிலமாக்கின. அந்நிலத்தின் நடுவே அமைந்துள்ளது கொருக்குப்பேட்டை. சென்ட்ரல் நிலையத்திலிருந்தும் கடற்கரை நிலையத்திலிருந்தும் வடக்கு நோக்கி வரும் இருப்புப்பாதைகள் இங்கு ஒன்று சேர்கின்றன. சரக்குத் தொடர்வண்டிகள் இவ்வூர் வழியே இரவும் பகலும் செல்கின்றன. அச்சரக்கை ஏற்றியும் இறக்கியும் வாழ்ந்த குடும்பங்களுக்கோ சிறிய வீடுகளும் குறுகிய தெருக்களுமே வாய்த்தன.

அத்தகைய தெருவில் கால்பந்து ஆட இடம் போதாது. கேரம் பலகை ஒன்றை வைக்க இடம் போதும். காய்கள் ஆடும் பரப்பு ஒரு பக்கத்திற்கு 74 செ.மீ. அளவே உடைய சதுரம். கறுப்புக் காய்கள் 9, வெள்ளைக் காய்கள் 9, சிவப்புக் காய் 1, காய்களை அடிக்க ஒரு ஸ்டிரைக்கர். இவை இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். ஒரே பலகையை ஒரு தெருவே பகிர்ந்துகொள்ளலாம். வேலை முடித்து வந்த பெரியவரும் பள்ளி விட்டு வந்த சிறுவரும் அதனைச் சுற்றிக் கூடலாம். வடசென்னையில் கேரம் வேரூன்றியதற்கு இவ்வெளிமையும் ஒரு காரணமாகும்.

வழிவழி வந்த வெற்றி

சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் கேரம் ஆட்டத்தில் உலகப் பட்டத்தை இருமுறை வென்றவர். 1996ஆம் ஆண்டு அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. கேரம் வீரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. வியாசர்பாடியில் எளிய குடும்பத்தில் வளர்ந்த இளவழகி, 2008ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் நடைபெற்ற உலகப் போட்டியில் காசிமா என்னும் 17 வயது மாணவி தனிநபர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கப் பதக்கம் வென்றார். கொருக்குப்பேட்டைக்கு அருகிலுள்ள புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரே அவர் வளர்ந்த இடம்.

காசிமாவின் தந்தை ஆட்டோ ஓட்டுநர். அவர் தம் மகளுக்கு மட்டும் ஆட்டம் கற்பிக்கவில்லை. அப்பகுதிச் சிறுவர் சிறுமியர்க்கும் பயிற்சியளித்து வருபவர். காசிமாவின் அண்ணனும் தேசிய அளவில் பட்டம் வென்றவர். இம்மூன்று தங்கங்களுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் திறமை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும், நாள்தோறும் அவர் ஆடுவதற்கு ஒரு பலகையும், அதன் மறுபுறத்தில் ஆடத் தெரிந்த ஒருவரும் இருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. கேரம் போட்டியைத் தனியொருவராக ஆட இயலாது. எதிரே அமர்பவர் இல்லையேல் ஆட்டமே இல்லை.

ஆட்டம் உணர்த்தும் பாடம்

கேரம் விதிகளில் ஒன்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஓர் ஆட்டத்தில் 25 புள்ளிகளை முதலில் எட்டுபவர் வெற்றி பெறுவார். அல்லது 8 பலகைகள் முடிந்தபின் முன்னிலையில் உள்ளவர் வெற்றி பெறுவார். ஒரு பலகையை இழந்தவர் எழுந்து செல்ல வேண்டியதில்லை. காய்கள் மீண்டும் நடுவில் அடுக்கப்படுகின்றன. அடுத்த பலகை தொடங்குகிறது. தோல்வி என்பது முடிவன்று, அடுத்த அடுக்கலுக்கு முந்தைய நிலை என்பதை விளையாடுபவர் தம் கைகளாலேயே கற்றுக்கொள்கிறார்.

தன்னூக்கம் நிலைக்கும் முறையும் இதுவே. ஓராண்டுப் பாடம் முழுவதையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பவர் மலைத்துப்போவார். இன்று மாலை ஒரு பாடப்பகுதி, இவ்விரவு இரண்டு கணக்குகள் என்று அடுத்த காயை மட்டும் நோக்குபவர் தொடங்கிவிடுவார். மனம் எழுச்சியுற்ற பின்னரே செயலைத் தொடங்க வேண்டும் என்பதில்லை. தொடங்கிய செயலே பெரும்பாலும் மனத்தை எழுப்புகிறது.

ஊக்கமும் ஒப்பீடும்

ஒருவரது வெற்றி செய்தியானவுடன், "அந்தப் பெண்ணால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?" என்னும் கேள்வி வீடுதோறும் எழுகிறது. கேட்பவர் நல்லெண்ணத்துடன்தான் கேட்கிறார். எனினும், அக்கேள்வி ஊக்கமாகாது, அஃது ஒப்பீடு. பிறர் பெற்ற பதக்கத்தைக் காட்டி ஒரு குழந்தையைக் குறுகச் செய்தால், அப்பதக்கம் ஏணியாவதற்கு மாறாகச் சுவராகிவிடும். மேலும், அக்கேள்வி பாதி உண்மையையே கூறுகிறது. வென்றவர்க்குப் பலகை இருந்தது, பயிற்றுவிப்பவர் இருந்தார். கேட்கப்படும் பிள்ளைக்கு அவை உள்ளனவா என்பதை யார் வினவுகிறார்?

வேலைக்குச் சென்றுகொண்டே படிக்கும் மாணவர் உண்டு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, இரவில் மட்டும் புத்தகத்தைத் திறக்கும் மாணவியும் உண்டு. அவர்களிடம் காணப்படுவது பலவேளைகளில் ஊக்கக் குறைவன்று, களைப்பு. களைத்தவர்க்கு அறிவுரை கூறுவது, பசித்தவர்க்கு விருந்தைப் பற்றி விளக்குவதற்கு ஒப்பாகும். நூலகங்களும் மாலைப் பயிற்சி மையங்களும் விளையாட்டுத் திடல்களும் வீட்டருகே அமைவது இதனாலேயே தேவையாகிறது. அவ்வசதிகளை உருவாக்காத சமூகம் இளைஞரின் ஊக்கமின்மையைக் குறைகூறும் தகுதியை இழக்கிறது.

வள்ளுவர் வகுத்த முறை

திருக்குறளின் பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. உள்ளத்தின் உறுதி, சோம்பலை நீக்குதல், இடைவிடா முயற்சி என அவை படிப்படியாகச் செல்கின்றன. உள்ளத்து எழுச்சியுடன் வள்ளுவர் நிறுத்திக்கொள்ளவில்லை. செயலில் கொண்டுபோய் முடித்தார். அதே பொருட்பாலில் பெரியாரைத் துணைக்கோடல் என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். முயற்சி தனி மனிதர்க்கு உரியதே ஆயினும், அதற்குத் துணையும் வேண்டும் என்பது இவற்றை இணைத்துக் காண்போர்க்குப் புலனாகும்.

மாணவர் செய்யத்தக்கது

பிறரை ஊக்குவிக்கச் சாதனையாளராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. மூன்று நாள்களாக வகுப்பிற்கு வராத நண்பரின் வீட்டிற்குச் சென்று வரலாம். விடுபட்ட பாடக் குறிப்புகளைக் கொடுப்பதோடு நில்லாமல், அரைமணி நேரம் உடனமர்ந்து படிக்கலாம். "நன்று" என்று பொதுவாகக் கூறுவதைவிட, "சென்ற வாரம் தடுமாறிய இடத்தை இன்று சரியாகச் செய்துவிட்டாய்" என்று குறிப்பாகக் கூறுவது மிகுந்த பயன் தரும். தன்னை ஒருவர் கவனித்து வந்துள்ளார் என்பதை அச்சொல் உணர்த்துகிறது. "நாளையும் வா" என்னும் அழைப்போ அதனினும் வலியது.

இவ்வாறு உதவுபவர் எதனையும் இழப்பதில்லை. பிறர்க்கு விளக்கும்போது தமக்கே பாடம் தெளிவாகிறது. தமக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்னும் எண்ணம் சோர்வுற்ற நாளிலும் அவரை எழுந்து செல்லச் செய்கிறது. பலகையின் இருபுறமும் இருப்போர் ஆட்டத்தில் எதிரெதிர் அணியினர். பயிற்சியிலோ ஒருவர்க்கொருவர் ஆசிரியர்.

கொருக்குப்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் திறமை மிக்க இளைஞர் பலர் உள்ளனர். அவர்கள் அனைவரும் உலகப் பட்டம் வெல்ல வேண்டும் என்பதில்லை. தொடங்கிய கல்வியை முடித்தல், கற்ற தொழிலில் சிறத்தல், தடுமாறுபவரை உடன் அழைத்துச் செல்லுதல் ஆகியனவும் வெற்றிகளே. அவற்றிற்குத் தேவையானது புதியதொரு முழக்கமன்று. ஒருவர் எதிரே மற்றொருவர் நாள்தோறும் வந்து அமர்தல் போதும்.