முழங்காலைக் கேட்டுவிட்டு அருவிக்குக் கிளம்புங்கள்

பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா வரும் பெற்றோரின் பயணத்தில் நயாகரா இல்லாமல் இருக்காது. நியூஜெர்சியில் நாங்கள் வசிக்கும் எடிசன் பக்கம் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் கார் கிளம்பும். சனிக்கிழமை முழுக்க நயாகரா. ஞாயிற்றுக்கிழமை பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில், அங்கேயே புளியோதரை, ராத்திரிக்குள் வீடு. போகிற வழியில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் வாட்கின்ஸ் கிளென் என்ற மாநிலப் பூங்காவையும் சேர்த்துக்கொள்வார்கள். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

வாட்கின்ஸ் கிளென் போகிற போக்கில் பார்த்துவிட்டு வரும் இடம் அல்ல. நயாகராவில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம். இங்கே தண்ணீரோடு சேர்ந்து நடக்கிறோம். ஒரு சின்ன ஓடை. இரண்டு மைலுக்குள் 400 அடி இறங்குகிறது. அதற்குள் 19 அருவிகள். இரண்டு பக்கமும் 200 அடி வரை உயரும் பாறைச் சுவர்கள். நடைபாதை சில இடங்களில் அருவிக்குப் பின்னாலேயே நுழைந்து போகும். தலைக்கு மேலிருந்து தண்ணீர் முன்னால் விழ, அதன் வழியாக வெளிச்சம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். இதற்கென்றே ஒரு காலைப் பொழுதைக் கொடுக்க வேண்டும். பெற்றோரோடு வந்தால் இன்னும் தாராளமாகவே கொடுக்க வேண்டும், ஏனென்றால் வழியில் 832 கல் படிகள் இருக்கின்றன.

பழனி மலைப் படிகள் 700க்குச் சற்றுக் குறைவு என்பார்கள். "பழனி ஏறின கால் இது, எனக்கு என்ன?" என்று என் அப்பா சொன்னார். பழனி ஏறியபோது அவருக்கு நாற்பது வயது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. கட்டிலை விட்டு எழும்போது ஒரு கையை முட்டியில் ஊன்றித்தான் எழுவார். கேட்டால், "ஒண்ணுமில்ல, உக்காந்தே இருந்தது" என்பார். என் அம்மா அதைவிட அழுத்தம். மகள் லீவு போட்டிருக்கிறாள், மருமகன் அவ்வளவு தூரம் கார் ஓட்டப்போகிறார், தன்னால் திட்டம் கெட்டுவிடக் கூடாது என்று வலியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வாள். நம் ஊர்ப் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான். பிள்ளைகளும் கேட்பதில்லை. கேட்டால் "முடியாது" என்ற பதில் வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், பார்த்துப் பார்த்து வைத்த கனவு மறுபக்கம்.

அதனால் என் கட்சி இது: எந்த அருவி என்று முடிவு செய்வதற்கு முன்னால், வீட்டில் மெதுவாக நடப்பவர் யார், அவருக்கு ஏறுவது கஷ்டமா இறங்குவது கஷ்டமா என்று முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியை யாருமே கேட்பதில்லை. மூட்டு தேய்ந்தவருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. மூச்சு வாங்குகிறவருக்கோ, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கோ ஏறுவதுதான் ஆகாது. வாட்கின்ஸ் கிளென்னில் இரண்டு பேருக்குமே வழி உண்டு. கீழே ஊருக்குள் ஒரு வாசல், மேலே ஒரு வாசல். சீசனில் இரண்டுக்கும் நடுவில் ஷட்டில் வண்டி ஓடும். மூட்டுவலிக்காரர் கீழிருந்து நிதானமாக ஏறிப் போய், மேலே வண்டி பிடித்துத் திரும்பலாம். மூச்சு வாங்குகிறவர் வண்டியில் மேலே போய், ஓடையோடு கூடவே இறங்கி வரலாம். மேல்வாசலை ஒட்டி மட்டும் ஒரே மூச்சில் 180 படிகள் இருக்கின்றன. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வண்டி ஓடுகிறதா என்பதையும் அன்றைக்குக் காலையிலேயே பூங்காவில் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஓடாத நாளில் இந்தக் கணக்கு அத்தனையும் மாறிவிடும்.

முழுப் பாதையையும் நடந்தே தீர வேண்டும் என்ற வீம்பும் வேண்டாம். கீழ்வாசலிலிருந்து குகைபோன்ற ஒரு வழியில் ஏறி, ஒரு பாலத்தைக் கடந்தால் சீக்கிரமே கேவர்ன் காஸ்கேட் வந்துவிடும். அருவிக்குப் பின்னால் நுழைந்து போகிற இடங்களில் முதலாவது அதுதான். அங்கே வரைக்கும் போய், ஆற அமர நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாலும் வந்த பயனுக்குக் குறைவில்லை. அம்மா அந்தக் கல் சுவரில் கை வைத்து, தெறிக்கிற சாரலில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். வெயில் காயும் நாளிலும் பாறை கசிந்து படி நனைந்தே கிடக்கும். நடுப்பகுதியில் தேய்ந்து வழவழத்திருக்கும். காலைச் சுவர் ஓரமாக வைத்தால் பிடி கிடைக்கும். செருப்பு இங்கே ஆகவே ஆகாது. அம்மா சேலைக்குக் கீழே ஸ்னீக்கர்ஸ் போட்டுக்கொண்டு, கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிச் செருகியிருந்தாள். புது ஷூவை வாங்கியதும் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்கச் சொல்லியிருந்தேன். அன்றைய நடைக்கு நாங்கள் செய்த ஏற்பாடுகளில் மிகப் பயன்பட்டது அதுதான்.

அந்தப் படிகளைக் கட்டியவர்களை நினைக்காமல் என்னால் நடக்க முடியவில்லை. அதற்கு முந்தைய கதை ஒன்றும் உண்டு. நயாகராவைச் சுற்றியிருந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் தனியார் கையில் இருந்தது. வேலி போட்டு, எட்டிப் பார்ப்பதற்கே காசு வாங்கினார்கள். அதை எதிர்த்துப் பலர் குரல் கொடுத்த பிறகு, 1885இல் நியூயார்க் அரசு அந்த இடத்தை எல்லோருக்குமான பூங்காவாக்கியது. நாட்டின் மிகப் பழைய மாநிலப் பூங்கா அதுதான். வாட்கின்ஸ் கிளென்னும் 1863 முதல் ஒரு தனியாரின் சுற்றுலாத் தலமாக இருந்து, 1906இல் அரசு கைக்கு வந்தது. 1935 ஜூலையில் வந்த வெள்ளம் பாதைகளை அடித்துக்கொண்டு போனது. பொருளாதார மந்தத்தால் வேலையில்லாமல் கிடந்த இளைஞர்களைக் கொண்டு அரசு நடத்திய படைதான் இன்றைக்கு நாம் பிடித்து நடக்கும் கல் சுவர்களையும் பாதையையும் திரும்ப எழுப்பியது. கட்டியது போலவே தெரியாமல், பாறையோடு பாறையாக ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். ஓர் அரசு தன் மக்கள் அருவி பார்ப்பதற்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது என்பது எனக்கு நெகிழ்ச்சியாகவே இருக்கிறது. இன்றைக்கும் வாசலில் வாங்குவது ஆளுக்கு இவ்வளவு என்றில்லை, காருக்கு 10 டாலர். ஆறு பேர் வந்தாலும் அதே 10 டாலர்தான்.

படியே முடியாது என்கிறவர்களுக்கு என் பரிந்துரை டகானக். வாட்கின்ஸ் கிளென்னிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அருவி 215 அடி. நயாகராவைவிட 33 அடி உயரம். அடிவாரத்துக்குப் போகிற பாதை முக்கால் மைல், ஏறக்குறைய சமதளம். அகலமாக இருப்பதால் இரண்டு பேர் கைகோத்துப் பேசிக்கொண்டே நடக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் மேலே பார்வை மாடம் இருக்கிறது. காரை விட்டு இறங்கினால் எதிரே அருவி. நடக்க முடியாதவரை அறையில் விட்டுவிட்டு மற்றவர்கள் போய் வரும் கொடுமை இங்கே தேவையில்லை. இப்படி ஓர் இடம் பக்கத்திலேயே இருக்கும்போது, வயதானவர்களை நயாகராவின் வரிசைகளில் மணிக்கணக்காக நிறுத்துவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

எப்போது போவது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாட்கின்ஸ் கிளென்னின் பள்ளத்தாக்குப் பாதையை மே மாத நடுவில்தான் திறப்பார்கள். அக்டோபர் கடைசியிலோ அதை ஒட்டியோ மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் படி முழுக்கப் பனிக்கட்டி. நீர் புகுந்து உறைந்து விரிந்து பாறையைப் பெயர்த்துவிடும். மலைச்சுவரிலிருந்து கல் உதிர்ந்தபடி இருக்கும். பள்ளிக்கூட லீவு என்று ஆகஸ்டில் கிளம்பினால் கூட்டம் நெருக்கும், தண்ணீரோ வற்றியிருக்கும். மழை குறைந்த ஆகஸ்டில் டகானக் ஒரு நூல்போல இழைவதை நானே பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது மே கடைசி, ஜூன் முதல் இரண்டு வாரங்கள். தண்ணீர் நிறைய இருக்கும், வெயில் உறைக்காது. அடுத்தபடியாக அக்டோபர் முதல் பாதி. அப்போது மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும். எந்த மாதமானாலும் வார நாளில், காலை ஒன்பதுக்குள் நடக்கத் தொடங்கிவிட வேண்டும். பத்தரைக்கு மேல் குறுகலான படிகளில் எதிரும் புதிருமாக ஆட்கள் வரும்போது, வயதானவர்கள்தான் ஒதுங்கி ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள்.

நான் மிகவும் கவலையோடு சொல்ல வேண்டியது குளியல் பற்றி. நான் தென்காசிக்காரி. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு அடியில் முதுகைக் கொடுத்து வளர்ந்தவள். அருவி என்றால் குளிக்க வேண்டும் என்பது நம் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. அங்கேயும்கூட, தண்ணீர் கலங்கி சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தால் வெளியேறிவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்துத்தான் விட்டார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் மலையில் பெய்த மழை நொடியில் வெள்ளமாக இறங்கி, 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. பழகிய இடத்திலேயே அந்தக் கதி. இங்கே பள்ளத்தாக்குகள் வேறு மாதிரி. இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர்; ஏறித் தப்ப இடம் கிடையாது. அருவி விழும் குழியின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் ஜூனிலும் சில்லென்று இருக்கும். குதித்தவருக்கு ஒரு கணம் மூச்சே நின்றுவிடும். பாறை அடுக்கடுக்கான களிப்பாறை, கையோடு பெயர்ந்து வந்துவிடும். அதே 2024 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் வேறோர் அருவியில் மேற்படிப்புக்கு வந்த இந்திய மாணவர் ஒருவர் மூழ்கி இறந்தார். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் பக்கத்து வீடுகளில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. வாட்கின்ஸ் கிளென்னிலும் டகானக் பள்ளத்தாக்கிலும் தண்ணீரில் இறங்கக் கூடாது. அப்படிச் சொல்லும் பலகையை அதிகாரம் செய்வதற்காக யாரும் நட்டு வைக்கவில்லை.

குளித்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் இடம் உண்டு. இத்தாகா ஊருக்குப் பக்கத்தில் ராபர்ட் எச். ட்ரீமன் என்ற மாநிலப் பூங்கா. அதன் கீழ்ப்பகுதியில் அருவி விழுகிற குளத்திலேயே கோடையில் குளிக்க விடுகிறார்கள். லைஃப்கார்டு காவலுக்கு இருக்கும் நேரத்தில் மட்டும்தான் அனுமதி. எண்ணெய், சீயக்காய், சோப்பு எதுவும் கூடாது. அம்மா அங்கே இறங்கவில்லை, கரையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகள் நீந்துவதைப் பார்த்தாள். அப்பாதான் இறங்கினார். பற்கள் கிடுகிடுக்க வெளியே வந்து, "குத்தாலம் குத்தாலம்தான்" என்றார். பிறகு துண்டைக் கொடுத்துவிட்டு மறுபடி இறங்கிவிட்டார்.

ஆக, எங்கள் திட்டம் இவ்வளவுதான்: எடிசனிலிருந்து காலையில் கிளம்பினால் நாலரை மணி நேரத்தில் அந்த வட்டாரம். முதல் நாள் மத்தியானம் டகானக், சமதள நடை. இரண்டாம் நாள் காலை வாட்கின்ஸ் கிளென். வெயில் ஏறியதும் ட்ரீமனில் குளியல். மூன்றாம் நாள் வீடு. ஒரு நாளைக்கு ஒரு நடைக்கு மேல் வைக்கவில்லை. தயிர்சாதமும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கூடவே வந்தன. அதோடு ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், மெல்லிய மழைக்கோட்டு, அப்பாவுக்கு ஒரு கைத்தடி. பள்ளத்தாக்குக்குள் போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அதனால் பாதை வரைபடத்தை முதல் நாளே போனில் இறக்கி வைத்துக்கொண்டோம். எத்தனை மணிக்கு, எங்கே சந்திப்பது என்பதை எல்லோரும் காதால் கேட்கும்படி வாசலிலேயே பேசிக்கொண்டோம். பதினொன்று அடித்தால் எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவது என்றும் முடிவு. மேலே இன்னும் இரண்டு அருவி பாக்கி இருக்கும்போதே அப்பா திரும்பச் சொன்னார். திரும்பினோம்.

தங்குவதற்குப் பூங்காக்களுக்குள்ளேயே மரக் கேபின்கள் இருக்கின்றன. ஓட்டலைவிடச் செலவு குறைவு, விடிந்ததும் நடைபாதை பக்கத்திலேயே. நியூயார்க் மாநிலப் பூங்காக்களில் ஒன்பது மாதம் முன்பே பதிவு தொடங்கிவிடும். நல்ல வாரங்கள் மளமளவென்று போய்விடும். அடுத்த ஜூனுக்கு அப்பா அம்மாவை அழைப்பதாக இருந்தால், இந்த செப்டம்பரிலேயே அவர்களுக்குப் போன் போட்டு மூட்டு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிடுங்கள். ஊரிலிருந்து கிளம்பப்போகிறவர்கள், பிள்ளை கேட்கும்வரை காத்திருக்காமல், எத்தனை படி முடியும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கேபினில் கீழ்க்கட்டில் யாருக்கு வேண்டும் என்பதையும் அப்போதே பேசிவிடலாம். அடுக்குக் கட்டில்தான் போட்டிருப்பார்கள்.