டிரெய்லர் வாங்கப் போகும் தோழர்களுக்கு

பத்துப் பதினைந்து ஆண்டுகள் அடுத்தவர் வண்டியில் ஸ்டியரிங் பிடித்த நம்மவர்களில் பலர், இன்று சொந்த வண்டிக்கு முன்பணம் கட்டத் துணிந்து நிற்கிறார்கள். நவசேவா துறைமுகச் சாலையிலும் கலம்போலி இரும்புச் சந்தையிலும் வியர்வை சிந்திய கைகள் தமக்கென்று ஒரு வண்டி தேடுவது பெருமைக்குரியதே. ஆனால் அந்த முன்பணம் எங்கிருந்து வருகிறது? ஊரிலே அடகுக்குப் போன நிலத்திலிருந்தும், வீட்டுப் பெண்களின் கழுத்திலிருந்தும் வருகிறது. ஆகவே எந்த டிரெய்லர் வாங்குவது என்பது ஓட்டுநர் ஒருவர் மட்டும் தீர்மானிக்கும் காரியமல்ல. குடும்பமே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

தனிச் சரக்குக்கு வாடகை அதிகம் என்று புரோக்கர் சொல்வார். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்கு மறுபாதி ஒன்று உண்டு. எரிவாயு டேங்கரும் சிமெண்டுத் தூள் ஏற்றும் பல்கரும் போகும்போது நிறைந்து போகும். வரும்போது காலியாகத்தான் வரும். வேறு சரக்கை அதில் ஏற்ற முடியாது. போகவர டீசலுக்கும் சுங்கத்துக்கும் ஒரே வாடகைதான் ஈடு. எரிவாயுவுக்கு எண்ணெய் நிறுவனங்கள் டெண்டர் விட்டு, வேண்டிய வண்டிகளை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. டெண்டரில் இடம் கிடைக்குமுன் டேங்கர் வாங்கினால் வண்டி வாசலில் நிற்கும்; தவணை நிற்காது. ஆபத்தான சரக்கு ஓட்ட உரிமத்தில் தனிப் பதிவும் பயிற்சியும் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

கொள்கலன் மட்டும் ஏற்றும் எலும்புக்கூடு டிரெய்லர் எடை குறைந்தது, விலையும் குறைவு. துறைமுகத்தை நம்பியே அதன் பிழைப்பு. ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு ஒன்று தெரியும். 2021 ஜனவரியில் மேற்குச் சரக்கு ரயில் தடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள இரட்டை அடுக்குக் கொள்கலன் ரயிலை ஓட்டிக் காட்டினார்கள். நெடுந்தூரக் கொள்கலன் ரயிலுக்குப் போகப் போக, டிரெய்லருக்கு மிஞ்சுவது துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் இடையிலான குறுந்தூர ஓட்டம். அதில் கிலோமீட்டரை விட வரிசையில் காத்துக் கிடக்கும் நேரமே அதிகம். காத்திருப்புக்குக் கூலி பேசாதவன் அங்கே பிழைக்க முடியாது.

தாழ்தள வண்டியான லோபெட்டில் பெரிய இயந்திரங்கள் போகின்றன. இருபது டன் மண் தோண்டும் இயந்திரத்தைச் சாதாரணத் தட்டை டிரெய்லரில் ஏற்றினால், பாலத்தின் அடியிலும், மின்மய ரயில் பாதையின் கேட்டில் நிற்கும் உயரக் கட்டையிலும் இடிக்கும் அபாயம் உண்டு. லோபெட்டில் உயரம் தப்பும், அகலம் தப்பாது. சட்டம் அனுமதிப்பது 2.6 மீட்டர், அத்தகைய இயந்திரம் அதைத் தாண்டிவிடும். அதனால் ஓட்டத்துக்கு ஓட்டம் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதியை யார் வாங்குவது, அது வரும்வரை நிற்கும் நாளுக்கு யார் பணம் தருவது என்பது எழுத்தில் இல்லையென்றால், உயர்ந்த வாடகை காகிதத்தில்தான் உயர்ந்திருக்கும்.

முதல் வண்டி வாங்கும் தோழருக்கு நாம் சொல்வது இதுதான்: கொள்கலனைப் பூட்டும் கொக்கிகள் பொருத்திய தட்டை டிரெய்லரைப் பாருங்கள். போகும்போது கொள்கலன், திரும்பும்போது இரும்புக் கம்பியோ குழாயோ ஏற்றலாம். சொந்த எடை சற்றுக் கூடும், ஏற்றும் சரக்கு அந்த அளவு குறையும். ஆனால் ஒரே கம்பெனியின் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டு தொடர்ந்து லோடு தருவதாக எழுத்து ஒப்பந்தம் கையில் இருந்தால் மட்டும் தனிச்சரக்கு வண்டிக்குப் போகலாம். வாய்ச்சொல் ஒப்பந்தமாகாது.

எந்த வண்டியானாலும் எடை விஷயத்தில் ஏமாறக் கூடாது. 2018இல் அச்சுப் பளு வரம்பை உயர்த்தினார்கள். டிரெய்லர் வண்டிக்கு மொத்த எடை உச்ச வரம்பு 55 டன் ஆயிற்று. அது வண்டியும் சரக்கும் சேர்ந்த கணக்கு. அதுவும் எல்லா வண்டிக்கும் அல்ல. அச்சுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வண்டியின் வெற்று எடை 16 டன் என்றால், 55 டன்னுக்குப் பதிவான வண்டியிலும் சரக்கு 39 டன்தான். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகப் பளுவுக்கு அபராதம் 20,000 ரூபாய். மிஞ்சும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. ஐந்து டன் மிஞ்சினால் 30,000 ரூபாய், இறக்கும் கூலி தனி. அதே பிரிவு வண்டியை அவ்வாறு ஓட்டச் செய்பவரையும் குற்றவாளி என்கிறது. ஆனால் சோதனைச் சாவடியில் நிற்பது யார்? நம் ஓட்டுநர்தான். கூடுதல் டன்னின் லாபம் சரக்குக்காரருக்கு, அபராதமும் வெடித்த டயரும் நமக்கு. இது நியாயமா?

சொந்த வண்டி வாங்கியதும் நம்மவரை ஊரார் முதலாளி என்கிறார்கள். பைனான்ஸ்காரனுக்குத் தவணையும் புரோக்கருக்குக் கமிஷனும் கொடுத்து, இரவும் பகலும் தானே ஓட்டும் மனிதர் முதலாளியா? கருவியைக் கடனில் வாங்கிய தொழிலாளி அவர். தொழிலாளிக்குத் துணை சங்கம்தான். தனியாகப் போய்க் கேட்டால் அடுத்த வண்டிக்காரன் குறைந்த வாடகைக்கு வருகிறான் என்று விரட்டுவார்கள். அந்த அடுத்த வண்டிக்காரனும் நம்மவனாகவே இருப்பான்!

ஆகவே மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறோம். எடைச்சீட்டு பார்க்காமல் எவரும் வண்டி எடுப்பதில்லை. காத்திருப்புக் கூலியை எழுதி வாங்காமல் எவரும் லோடு ஒப்புவதில்லை. திரும்பு லோடுகளை ஒருவருக்கொருவர் சொல்லிப் பகிர்ந்துகொள்வது. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் தோழர்கள் தாளை வீட்டுக்கு எடுத்து வாருங்கள்; தாய்மார்கள் அதைப் படித்துக் கேள்வி கேளுங்கள். நகையைக் கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.