பல்லி சட்னியும் முப்பது மணி நேரமும்

ஹைதராபாத்துக்குப் புதுசாக வரும் தமிழர்கள் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்ளும் வார்த்தை 'பல்லி'. டிபன் வண்டிக்காரர் "பல்லி சட்னி வேணுமா?" என்று தெலுங்கில் கேட்பார், நம்மாள் தட்டோடு இரண்டடி பின்னால் போவார். பயப்படாதீர்கள், இங்கே பல்லி என்றால் நிலக்கடலை :-) சைனிக்புரியிலிருந்து ஈ.சி.ஐ.எல். வரை எந்த வண்டியில் இட்லி வாங்கினாலும் பெரும்பாலும் கேட்காமலே அதுதான் வரும். நம்மூரில் தேங்காய் சட்னி மாதிரி.

இதை ஜோக்காகப் பல தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. போன வருஷம் பக்கத்துத் தெருவுக்குத் திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பத்தின் ஐந்து வயதுப் பையன் அந்தச் சட்னியைச் சாப்பிட்டுவிட்டான். கடலை ஒத்துக்காது என்று அம்மாவுக்குத் தெரியும். பல்லி என்றால் கடலை என்றுதான் தெரியாது. பத்து நிமிஷத்தில் உதடு வீங்கி, வாந்தி எடுத்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அருகிலிருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவில் போட்டார்கள், ஸ்டீராய்ட் போட்டார்கள், நெபுலைசர் வைத்தார்கள். எது முதலில் போட வேண்டியதோ அந்த அட்ரினலின், முக்கால் மணி நேரம் கழித்து வேறு ஆஸ்பத்திரியில்தான் கிடைத்தது. பையன் பிழைத்துவிட்டான், இப்போது நன்றாக இருக்கிறான்.

எனக்கு மறக்காதது அந்த முதல் இடத்து நர்ஸ் பிறகு சொன்னது. "எனக்குத் தெரியும் சார். கோவிட் சமயத்துல ஆன்லைன் ட்ரெயினிங்ல படிச்சிருக்கேன். ஆனா டாக்டர் எழுதாம நான் எப்படிப் போடறது?"

நான் டாக்டர் இல்லை. ஃபார்மசி படித்துவிட்டு, மருந்துகளின் பக்கவிளைவு ரிப்போர்ட்டுகளை நாள் முழுக்கப் படிக்கும் வேலையில் இருப்பவன். இந்த ஊரில் அந்த வேலைக்குத் தமிழர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறோம். அந்த நர்ஸ் சொன்னதைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது இதுதான்: அலர்ஜி பற்றி டாக்டருக்குத் தனி வகுப்பு, நர்ஸுக்குத் தனி வகுப்பு என்று நடத்துவதில் பாதிப் பயன் வீண். ஒரே பாடத்தை எல்லோரும் சேர்ந்து படிக்க வேண்டும்.

விஷயம் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கடுமையான அலர்ஜியில் (அனாஃபிலாக்ஸிஸ் என்பார்கள்) முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், தசைக்குள். எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மில்லிகிராம். அவில் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அடைக்கிற மூச்சுக்குழாயைத் திறக்காது, விழுகிற ரத்த அழுத்தத்தைத் தூக்காது. ஸ்டீராய்ட் வேலை செய்யவே சில மணி நேரம் ஆகும். உலக அலர்ஜி அமைப்பு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. ஆனாலும் நம்மூர் கிளினிக்குகளில் 'அலர்ஜியா, ஒரு அவில், ஒரு டெகட்ரான்' என்பது கிட்டத்தட்ட மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. அட்ரினலின் என்றால் இதயம் நின்றுவிடும் என்று ஒரு பயம். இத்தனைக்கும் அது ஒரு சின்ன ஆம்ப்யூல், விலை மிகவும் குறைவு.

இதில் வேடிக்கை, அரசாங்கத் தடுப்பூசி முகாமில் ஏ.என்.எம். சகோதரி இந்த நிலையில் ஒரு டோஸ் அட்ரினலின் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று வழிமுறையே இருக்கிறது. 2021 ஜனவரி 16-ல் கோவிட் தடுப்பூசி ஆரம்பித்தபோது ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்தார்களே, அது இதற்காகத்தான். கிராமத்து முகாமில் முடிகிறது, ஏசி போட்ட நர்சிங் ஹோமில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறார்கள்!

சரி, டாக்டர்கள் தொடர்ந்து படிக்க வேண்டாமா என்றால், விதி இருக்கிறது. 2002-ம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறைப்படி ஐந்து வருஷத்துக்கு முப்பது மணி நேரம் தொடர்கல்வி. வருஷத்துக்கு ஆறு மணி நேரம், அதாவது இரண்டு ரஜினி படம். அதில் அலர்ஜிக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

படித்தது எவ்வளவு சீக்கிரம் பழசாகிறது என்பதற்கு இந்தக் கடலையே சாட்சி. 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், அலர்ஜி வரக்கூடிய குடும்பத்துக் குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கடலை தராதீர்கள் என்றது. 2008-ல் அதற்கு ஆதாரம் போதாது என்று பின்வாங்கியது. 2015-ல் லண்டனில் 'லீப்' என்ற ஆய்வு வந்தது. அலர்ஜி அபாயம் அதிகமுள்ள 640 குழந்தைகள், நாலு மாதத்திலிருந்து பதினோரு மாதத்துக்குள். சீக்கிரமே கடலை சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு ஐந்து வயதில் கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவு. ஆலோசனை தலைகீழாகிவிட்டது! (முழுக்கடலை கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் சிக்கும். கடுமையான எக்ஸிமா உள்ள குழந்தை என்றால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.) 2001-ல் படித்து முடித்த ஒரு டாக்டர் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை என்றால், இன்றைக்கும் பழைய பாட்டைத்தான் பாடுவார். கையெழுத்து அழகாக இருந்தாலும் :-)

டாக்டரோடு முடிந்துவிடுவதும் இல்லை. பல் பிடுங்கப் போகிறோம், டாக்டர் ரப்பர் கையுறை போடுகிறார், லேட்டக்ஸ் அலர்ஜி உண்டா என்று கேட்க வேண்டியவர் அவர். மெடிக்கல் ஷாப்பில் "ஜுரத்துக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்கிறோம், அங்கே நிற்பவர் கேட்க வேண்டும். சிறுவயதில் யாரோ சொன்னார்கள் என்று 'பென்சிலின் அலர்ஜி' முத்திரையோடு வாழ்நாள் முழுக்க இருப்பவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த அலர்ஜியே கிடையாது. அந்த முத்திரையைச் சோதிக்கச் சொல்லி அனுப்ப வேண்டியது யார்? டயட்டீஷியன் பாடு தனி. அமெரிக்காவில் 2023 ஜனவரியிலிருந்து எள்ளையும் லேபிளில் அலர்ஜிப் பொருளாகப் போட்டாக வேண்டும். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளில் கடலை, பால், முட்டை, மீன் எல்லாம் உண்டு, எள் இல்லை. அங்கே இருக்கும் பிள்ளைக்கு இட்லிப் பொடி பார்சல் கட்டும் அம்மாக்கள் கவனிக்க.

ஆஸ்திரேலியாவின் அலர்ஜி நிபுணர் சங்கம் டாக்டர், நர்ஸ், ஃபார்மசிஸ்ட், டயட்டீஷியன் எல்லோருக்கும் இணையத்தில் இலவசமாகவே பாடம் வைத்திருக்கிறது. பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும் தனியாக உண்டு. நம்மாலும் முடியாது என்றில்லை. 2020 ஏப்ரலில் கோவிட்டுக்காக 'தீக்ஷா' தளத்தில் டாக்டரிலிருந்து ஆஷா பணியாளர் வரை எல்லோருக்கும் சில வாரங்களில் பாடங்கள் திறந்தார்களே.

ஆனால் இப்போது நடக்கும் ஆன்லைன் வகுப்புகள் பலவற்றின் லட்சணம் எனக்குத் தெரியும். வீடியோவை இரட்டை வேகத்தில் ஓட விட்டு, பத்துக் கேள்விக்கு டிக் அடித்து, சர்டிஃபிகேட்டைப் பிரிண்ட் எடுத்தால் முடிந்தது. இதில் ஆம்ப்யூலை உடைக்கக் கை பழகாது. ஆகவே பாடம் இணையத்தில் இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் டாக்டரும் நர்ஸும் ஃபார்மசிஸ்டும் வார்டு பாயும் சேர்ந்து அரை நாள் ஒத்திகை பார்க்கட்டும். 'டாக்டர் இல்லாதபோது முதல் டோஸை நர்ஸ் போடலாம்' என்று எழுத்தில் உத்தரவு சுவரில் ஒட்டட்டும். அந்த உத்தரவு இல்லாமல் நர்ஸுக்கு எத்தனை சர்டிஃபிகேட் கொடுத்தும் பிரயோஜனமில்லை. பாடம் தெலுங்கிலும் தமிழிலும் இருக்கட்டும். பாடத்தில் வரும் உதாரணங்கள் பீநட் பட்டர் சாண்ட்விச்சாக இல்லாமல் பல்லி சட்னி, கொண்டைக்கடலை, இறால், முந்திரியாக இருக்கட்டும். காலி மனைகளில் வளர்ந்து கிடக்கும் பார்த்தீனியமும் வரட்டும்.

ஜூன் மாதம் மிருகசிர கார்த்தியன்று நாம்பள்ளி எக்ஸிபிஷன் மைதானத்தில், ஆஸ்துமாவுக்கு உயிருள்ள சின்ன விரால் மீனில் மருந்து வைத்து விழுங்க வரிசை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்தினி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கிறார்கள். வரிசையில் நிற்பவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வராது. அவர்களில் எத்தனை பேருக்கு இன்ஹேலரை எப்படி இழுக்க வேண்டும் என்று ஒருவராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பார்?

மாற்றலாகி வந்தவர்களுக்கு ஒன்று. ரேஷன் கார்டு, ஸ்கூல் அட்மிஷன் அலைச்சலுக்கு நடுவே பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய், "அட்ரினலின் இருக்கா? ராத்திரி டாக்டர் இல்லேன்னா யார் போடுவாங்க?" என்று கேட்டு வையுங்கள். முறைப்பார்கள், பரவாயில்லை. எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நாமே புகார் பதியலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது, டாக்டராக இருக்க வேண்டிய அவசியமில்லை. மருந்தின் பெயர், பேட்ச் நம்பர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.