இரும்புப் பெட்டியின் இரண்டாவது சாவி

நம் கூட்டுறவுச் சங்கங்களில் நெடுநாளைய விதி ஒன்று உண்டு. இரும்புப் பெட்டிக்குச் சாவிகள் இரண்டு. அவை இருவரிடத்தில் இருத்தல் வேண்டும். இருவரும் உடன் நின்றாலன்றிப் பெட்டியைத் திறக்கலாகாது. எவரையும் கள்வரென்று கருதி ஏற்பட்ட விதியன்று இது. பொதுப் பணத்தைக் காப்பதோடு, நேர்மையான ஊழியரைப் பழியினின்றும் காப்பதற்காகவே இது ஏற்பட்டது.

இன்று சங்கத்தின் உண்மையான பெட்டி கணிப்பொறியாகிவிட்டது. நெசவாளரின் கூலிக் கணக்கும், உழவரின் பயிர்க் கடனும், அங்கத்தினரின் ஆதார் எண்ணும் அதனுள்ளேதான் இருக்கின்றன. அதன் சாவியாகிய கடவுச்சொல் எங்கே இருக்கிறது? நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில் அது காகிதத் துண்டில் எழுதப்பெற்றுத் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருந்தது. காரியதரிசி விடுப்பில் இருந்தார். அவர் பெயரிலேயே எழுத்தர் பற்றுவரவு பதிந்துகொண்டிருந்தார். வினவியபோது, "வேலை நின்றுவிடக் கூடாதல்லவா, ஐயா?" என்றார். அவர் சொல்லில் வஞ்சகம் இல்லை. ஆயினும் அன்றைய பதிவொன்று தவறாயின், பழி விடுப்பிலிருந்த காரியதரிசியின் மீதன்றோ விழும்?

"களவாடுவதற்கு நம் சங்கத்தில் என்ன இருக்கிறது?" என்பார் உளர். 2018 ஆகஸ்டில் புனே நகரத்துக் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியினின்றும் சுமார் 94 கோடி ரூபாய் களவு போயிற்று. பூட்டு உடையவில்லை, சுவர் இடியவில்லை. கணினி வழியே புகுந்தோர் பல நாட்டு ஏ.டி.எம். இயந்திரங்களிலிருந்து பணத்தை எடுத்தனர். அது பெரிய வங்கி, நமது சிறிய சங்கம் என்பது மெய்யே. ஆனால் நம்மிடம் திருடுவோன் பணத்தையே தேட வேண்டியதில்லை. அங்கத்தினரின் தொலைபேசி எண்ணும் கடன் தொகையும் கிடைத்தாற் போதும். "சங்கத்திலிருந்து பேசுகிறோம், தங்கள் கடன் இவ்வளவு, வந்துள்ள இரகசிய எண்ணைச் சொல்லுங்கள்" என்று ஒருவன் கேட்பானாயின், தறியருகே இருக்கும் நெசவாளர் நம்பாமல் என் செய்வார்? அவர் நம்பியது அவனையன்று, நம் சங்கத்தை.

சட்டமும் இதனை விளையாட்டாகக் கருதவில்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் தொடர்ந்து, 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது; 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. தகுந்த பாதுகாப்புச் செய்யத் தவறியோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. அதன் ஷரத்துகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. "அறியாமல் நேர்ந்தது" என்பது அப்போது விடையாகாது.

பரிகாரத்திற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் இருக்கட்டும். ஒருவர் பதிந்ததை மற்றொருவர் சரிபார்த்து அனுமதிக்கட்டும். பணியினின்றும் ஒருவர் நீங்கும் நாளிலேயே அவருடைய கடவுச்சொல்லும் நீக்கப்படட்டும். கணக்கின் நகல் நாள்தோறும் வேறோர் இடத்தில் சேமிக்கப்படட்டும். இவை நடந்தனவா என்று நிர்வாகக் குழு மாதந்தோறும் ஆராய்ந்து தீர்மானப் புத்தகத்தில் பதியட்டும். சங்கம் எக்காலத்தும் தொலைபேசியில் இரகசிய எண்ணைக் கேளாதென்றும், ஏமாந்தோர் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டுமென்றும் வாயிலில் எழுதி வைக்கட்டும்.

அங்கத்தினர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த பொதுக்குழுவில் இலாபப் பங்கைப்பற்றிக் கேட்குமுன், "கணிப்பொறியின் இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது?" என்று எழுந்து கேளுங்கள். விடை கிடைக்கும்வரை அமராதீர்கள்.