மூவர்ணப் பட்சணமும் நமது கடல்பாசியும்

ஆகஸ்டு 15, ஜனவரி 26 ஆகிய இரண்டு தேசத் திருநாட்களும் நெருங்கிவிட்டால், ராமநாதபுரம் முதல் ராமேசுவரம் வரையில் மிட்டாய்க் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகள் காவியும் வெள்ளையும் பச்சையுமாக நிறம் மாறிவிடுகின்றன. மூவர்ண பர்பி, மூவர்ண கேக்கு, அவற்றின்மேல் தூவிய வண்ணச் சர்க்கரை மணிகள் இவையே இன்று கொடியேற்று விழாவின் பிரசாதம். கொடியின் நிறத்தைத் தின்பண்டத்தில் ஏற்றுவது தகாது என்று முகம் சுளிப்பாரும் நம்மிடையே உளர். நாம் அவர்கள் கட்சியல்ல.

அந்தச் சந்தேகம் நியாய ஸ்தலத்திலேயே தீர்ந்துவிட்டது. 2013-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று கோயமுத்தூரில், தேசப் படமும் மூவர்ணமும் நடுவே அசோக சக்கரமும் தீட்டிய ஆறடிக்கு ஐந்தடி கேக்கு ஒன்றை வெட்டி 2,000 பேருக்கு மேல் பங்கிட்டனர். ஜில்லா கலெக்டரும் அங்கே இருந்தார். 1971-ம் வருஷத்துத் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம் என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2021 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், அந்த விருந்தில் கலந்துகொண்டோர் தேசத்தை எண்ணிப் பெருமிதம் கொண்டிருப்பரேயன்றி அவமதிக்கும் எண்ணம் கொண்டிருக்க மாட்டார் என்று கண்டு, குற்றமில்லையெனத் தீர்த்தார். கேக்கு ஜீரணமாகிப் பல வருஷங்களான பின்னரே வழக்கு ஜீரணமாயிற்று!

மூவர்ணப் பட்சணம் நேற்று முளைத்த நாகரிகமும் அன்று. காசியின் திரங்கா பர்பி சுதந்திரப் போராட்ட காலத்தில் பிறந்தது என்பர். கொடியைத் தூக்கினவனுக்குத் தடியடி கிடைத்த அந்நாளில், மிட்டாய்த் தட்டு கொடியைச் சுமந்தது. அதில் காவி குங்குமப்பூவினால் வந்தது, பச்சை பிஸ்தாவினால், வெள்ளை கோவாவும் முந்திரியும். 2024-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தப் பர்பியில் நிறமே உணவு, உணவே நிறம்.

இன்று நமது கடைத்தெருவில் இருப்பது என்ன? பெரும்பாலும் நிறம் வேறு, உணவு வேறு. சர்க்கார் அனுமதித்த செயற்கைச் சாயங்கள் எட்டே; அவையும் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. சிறு வியாபாரி தராசில் நிறுத்தா போடுகிறார்? கண்ணுக்குப் பளிச்சென்று தோன்றும்வரை போடுகிறார். துணிக்கும் தோலுக்கும் ஏற்றும் ரோடமின்-பி என்னும் சாயம் பஞ்சு மிட்டாயில் கலந்திருக்கக் கண்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு சர்க்கார் அம்மிட்டாயைத் தடை செய்ததை வாசகர் மறந்திருக்க மாட்டார். தேச பக்தியின் பேரால் பாலகர் வயிற்றில் சாயத்தைச் சேர்ப்பது எவ்வகைப் பக்தி என்று கேட்கிறோம். (தூவுவதற்கு வண்ண மணிதான் வேண்டுமென்பார், சோம்பையும் சீரகத்தையும் சர்க்கரையில் உருட்டிய நமது ஜீரக மிட்டாயை நினைத்துக்கொள்வாராக. அதிலும் சாயம் உண்டு என்பதால் அதையும் அளந்தே தூவ வேண்டும்.)

நமது கரைக்கு உரிய மூவர்ணப் பட்சணம் ஒன்று இருக்கிறது. கீழக்கரையிலும் சுற்றுவட்டாரத்திலும் முஸ்லிம் இல்லங்களில் நோன்பு காலத்தில் காய்ச்சும் கடல்பாசியையே சொல்கிறோம். ஒரு லிட்டர் பாலுக்குப் பத்துக் கிராம் பாசி இழை போதும். நன்றாகக் கொதித்துக் கரைந்தபின் தட்டில் ஊற்றினால், ஐஸ் பெட்டி இல்லாமலே உறையும். ராமநாதபுரத்து வெயிலிலும் இளகாது. எலும்பும் தோலும் காய்ச்சி எடுக்கும் ஜெலட்டினோ வெயிலில் இளகும், சைவர் இலையிலும் ஏறாது. ஆகவே எல்லா மதத்தாரும் ஒரே பந்தியில் உண்ணத்தக்கது இதுவே. காவிக்குக் குங்குமப்பூவோ காரட்டுச் சாறோ, வெள்ளைக்குத் தேங்காய்ப் பால், பச்சைக்கு ரம்பை இலைச் சாறு. முதல் அடுக்கு உறையத் தொடங்கியதுமே அடுத்ததை ஊற்ற வேண்டும். முற்றிலும் ஆறவிட்டால் அடுக்குகள் ஒட்டாமல் வழுக்கிவிடும். சக்கரம் வேண்டுவோர்க்குச் சங்குப்பூ இருக்கிறது. கருப்பட்டிமேல் நமக்குள்ள அபிமானம் யாவரும் அறிந்ததே. ஆயினும் வெள்ளை அடுக்கை அது கெடுத்துவிடுமாதலால் இங்கே அதனை வற்புறுத்தவில்லை.

இவ்வளவு நல்ல பொருளைக் கடையில் எப்பெயர் சொல்லி வாங்குகிறோம்? "சைனா கிராஸ்" என்று! இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானிய அகார் வரவு நின்றபோதுதான் இந்நாட்டார் தம் கடலைத் திரும்பிப் பார்த்தனர். பின்னர் மண்டபத்துக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் அகார் எடுப்பதைக் குடிசைத் தொழிலாக நடத்தும் முறையை வகுத்துத் தந்தனர். ஆனால் தொழில் குடிசைக்கு வரவில்லை. மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போயிற்று.

குடிசையில் நின்றது உழைப்பு மாத்திரமே. பாம்பன் சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்மக்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிக் கடலுள் மூழ்கி, பாறையில் பற்றிய மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிக்கின்றனர். அகார் தருவது அந்தப் பாசியே. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பின்பு, தலைமுறையாக அவர் இறங்கிய இடங்களில் இறங்குவதே குற்றமாயிற்று. அவர்களோ இரும்புச் சுரண்டியைத் தாமே கைவிட்டு, மாதத்தில் 12 நாள் மாத்திரம் பறிப்பதென்று கட்டுப்பாடு செய்துகொண்டனர். அவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் ஸீகாலஜி பரிசு கிடைத்தது. பரிசு தந்தது அந்நிய தேசம். விலையை நிர்ணயிப்பவர் நம்மூர் இடைத்தரகர்.

2023-ல் இந்த ஜில்லாவில் வளமாவூரில் ரூ.127 கோடித் திட்டமாகக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் நோக்கம் பெரும்பாலும் வளர்ப்புப் பாசியைப் பற்றியது. அத்தொகையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களின் கூட்டுறவுச் சங்கமே அகார் காய்ச்சி, உலர்த்தி, "ராமநாதபுரம் கடல்பாசி" என்று பொட்டலமிட்டு விற்க வழிசெய்யுமாறு சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம். தேசத் திருநாளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்கும் ஊராட்சிகளும் கட்சிக் கிளைகளும் தம் தேவை இத்தனை கிலோ என்று ஒரு மாதம் முன்னதாகவே எழுதிக் கொடுத்தால், முதல் கொதிகலத்துக்கு வேண்டிய முன்பணம் அதிலேயே சேர்ந்துவிடும்.