மானுக்குக் கடமைப்பட்ட தோட்டா

லண்டனில் மிச்சம் (Mitcham) பகுதிக்கு ரிச்மண்ட் பூங்கா தூரமில்லை. அங்கும் பக்கத்திலுள்ள புஷி பூங்காவிலும் 600க்கு மேற்பட்ட மான்கள் திரிகின்றன. ஆண்டுதோறும் நவம்பரிலும் பெப்ரவரியிலும் இரவில் பூங்காவை அடைத்து, பெருகியவற்றில் ஒரு பகுதியைச் சுட்டுக் குறைக்கிறார்கள். பிரித்தானியா முழுவதும் ஏறத்தாழ 20 இலட்சம் மான்கள் இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஓநாய் அழிந்துபோன இந்தத் தீவில் இளமரங்களையும் பயிரையும் காக்க மனிதன்தான் அவற்றைக் குறைத்தாக வேண்டும் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்ட பிறகு, எந்தத் தோட்டாவால் சுடுவது என்பதை வேட்டைக்காரரின் சொந்த விருப்பமென்று ஒதுக்கிவிட முடியாது. மான் ஒரே வெடியில் சாகிறதா, குடல் கிழிந்து பற்றைக்குள் ஓடிக் கிடக்கிறதா என்பதும், அதன் இறைச்சியில் என்ன கலந்திருக்கிறது என்பதும் அதில்தான் இருக்கின்றன.

வன்னியில் இடியன் துவக்குக்கு மருந்தும் ஈயமும் இடித்து நிரப்பியவர்களை அறிந்த நமக்குத் தோட்டாவைக் கடையில் வாங்காமல் கையால் நிரப்புவது புதிய சங்கதி அல்ல. இங்குள்ளவர்கள் செய்வது அதன் நுட்பமான வடிவம். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைப் பொறுக்கி, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மருந்தைப் பற்றவைக்கும் புதிய பிரைமர் பொருத்தி, மருந்தை ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்குவரை நிறுத்துப் போட்டு, மேலே சன்னத்தை இருத்துகிறார்கள். ஒரு கிரெயின் என்பது 65 மில்லிகிராம்தான். பொறுமையும் ஒழுங்கும் வேண்டிய வேலை, மதிக்கத்தக்க வேலை. ஆனாலும் மான் வேட்டைக்குப் போகிறவர் முதலில் தொழிற்சாலைத் தோட்டாவைத்தான் எடுக்க வேண்டும், கையால் நிரப்புவதென்றால் அதற்கென்று தனியான காரணம் ஒன்று அவரிடம் இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

கையால் நிரப்புவோர் முதலில் சொல்வது குறி பிசகாமை. ஒவ்வொரு துவக்குக்கும் பிடித்தமான மருந்தளவும் சன்னமும் உண்டு, அதைத் தேடிக் கண்டுபிடித்தால் 100 யார் தூரத்தில் மூன்று வெடியும் அரை அங்குலத்துக்குள் விழும் என்பார்கள். உண்மைதான். இலக்குப் பலகையில் போட்டியிடுபவருக்கு அந்த அரை அங்குலம் எல்லாமே. மான் வேட்டையில் கணக்கு வேறு. மான் வேட்டைச் சான்றிதழின் முதல் நிலைத் தேர்வு 100 மீற்றரில் மூன்று வெடியையும் பத்துச் சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் போடச் சொல்கிறது. ஏறக்குறைய அவ்வளவுதான் சிறிய மானின் நெஞ்சில் சன்னம் படவேண்டிய இடம். இன்றைய சாதாரணத் துவக்கும் கடைத் தோட்டாவும் சேர்ந்து ஒன்றரை அங்குலத்துக்குள் போட்டுவிடும். மிச்சப் பிழை முழுவதும் குளிரில் நடுங்கும் விரலிலும், மூச்சிலும், தூரத்தைத் தப்பாகக் கணித்த கண்ணிலும் இருக்கிறது. மேசையில் மருந்து நிறுக்கும் மாலைப்பொழுதுகளைச் சுடுதளத்தில் நின்றபடியும் முழங்காலிட்டும் பழகச் செலவிட்டால் மானுக்குக் கிடைக்கும் நன்மை பலமடங்கு.

அடுத்தது யார் சோதித்தது என்ற கேள்வி. லண்டன் துவக்குச் செய்வோர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. கொமர்ஷல் வீதியிலுள்ள அதன் சோதனைக் கூடத்திலும், 1813இல் அமைந்த பர்மிங்காம் கூடத்திலும் துவக்குக் குழல்கள் அமுக்கத்துக்குச் சோதிக்கப்படுகின்றன. பிரித்தானியா சேர்ந்துள்ள, துவக்குச் சோதனைக்கான சர்வதேச அமைப்பான சி.ஐ.பி.யின் உடன்படிக்கையின்படி விற்பனைக்கு வரும் தோட்டாக்களும் அமுக்கச் சோதனைக்கு உட்பட்டவை. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அது வைத்திருக்கும் உச்ச வரம்பு 4,150 பார், அதாவது நாம் சுவாசிக்கும் காற்றின் அமுக்கத்தைப்போல நாலாயிரம் மடங்குக்கு மேல். இந்த வெடிப்பு நடப்பது சுடுபவரின் கன்னத்துக்குப் பக்கத்தில். வீட்டில் நிரப்பிய தோட்டாவுக்கு நிரப்பியவரே சோதனைக் கூடம்.

மலிவு என்ற வாதத்தில் முன்புபோல வலுவில்லை. உக்ரைன் போருக்குப் பின், மருந்தின் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ் பீரங்கிக் குண்டுகளை நோக்கிப் போனதால் மருந்தின் விலை ஏறிவிட்டது. ஆண்டுக்கு இருபது மான் சுடுபவருக்கு உபகரணங்களின் செலவே மீளாது.

எனக்கு உண்மையில் கனமாகத் தெரியும் மறுப்பு ஒன்று இருக்கிறது, அது ஈயத்தைப் பற்றியது. ஈயச் சன்னம் எலும்பில் மோதி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தைச் சுற்றி வெகுதூரம் பரவுவதை எக்ஸ்ரே படங்கள் காட்டுகின்றன. நாம் வெட்டியெறியும் பகுதிக்கு அப்பாலும் அவை இருக்கின்றன. வளரும் குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பான ஈய அளவென்று ஒன்றுமில்லை. 2025 ஜூலையில் பிரித்தானிய அரசு, 6.17 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் விட்டமுள்ள ஈயச் சன்னங்களை வேட்டையில் தடைசெய்யப்போவதாக அறிவித்தது, தடை 2029இல் முழுமையாக நடைமுறைக்கு வரும் என்றது. மான் வேட்டையில் பரவலாக இருக்கும் .243 அங்குலச் சன்னம் சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது. ஈயத்தின் இடத்துக்கு வருவது செப்பு. ஈயத்தின் அடர்த்தி 11.3, செப்பின் அடர்த்தி 9கூட இல்லை. ஆகவே அதே எடைக்குச் செப்புச் சன்னம் நீளமாக இருக்கும், பழைய குழலின் புரி அதை நிதானமாகச் சுழற்றாமல் விடலாம். எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவதே வழி. ஸ்கொட்லாந்து 2023இல் சன்னத்தின் குறைந்தபட்ச எடையை 100 கிரெயினிலிருந்து 80ஆக இறக்கியதும் இதற்காகத்தான். ஒரு பழைய .303 வைத்திருப்பவர், தன் துவக்குக்கு இசைந்த செப்புத் தோட்டா கடையில் இல்லை, நானே நிரப்பிக்கொள்கிறேன் என்றால் அதுதான் நான் கேட்ட தனிக் காரணம். மறுக்கமாட்டேன்.

ஆனால் ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நீளமான செப்புச் சன்னம் கோதுக்குள் கூடுதல் இடத்தைப் பிடிக்கிறது, குழலில் இறுக்கமாகவும் நகர்கிறது. ஈயத்துக்கு இருபது ஆண்டுகள் பத்திரமாக இருந்த மருந்தளவு செப்புக்கு அமுக்கத்தை வரம்பு மீறச் செய்யக்கூடும். அதற்குப் பயந்து மருந்தைக் குறைத்தால் இன்னொரு தவறு நேர்கிறது. செப்பு விரிவதற்கு நல்ல வேகம் வேண்டும், மெதுவாகப் போகும் சன்னம் ஊசிபோலத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும், மான் காயத்தோடு ஓடும். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் பெரிய மான்களுக்கு .240 அங்குலமும் குழல்வாயில் 1,700 அடி-இறாத்தல் ஆற்றலும், விரியக்கூடிய சன்னமும் கேட்கிறது. போரில் 1899 ஹேக் பிரகடனம் தடுத்த அதே வகைச் சன்னத்தை மான் விடயத்தில் சட்டம் கட்டாயமாக்குவது விரைவான சாவுக்காக. அந்த 1,700ஐ மனக்கணக்கால் அறிய முடியாது, வேகமானியை வைத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும். செப்புச் சன்னத்துக்கென்றே வெளியிடப்பட்ட அளவுப் பட்டியலிலிருந்து, அதில் சொல்லிய தொடக்க அளவிலிருந்து ஏற வேண்டும். இதற்கு நேரமில்லாதவர் இந்தப் பருவத்தில் அந்தப் பழைய துவக்கை அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு, கடையில் செப்புத் தோட்டா கிடைக்கும் .308ஐ இரவல் வாங்கட்டும். துவக்குச் சட்டம் அதற்கு எந்த எல்லைவரை இடம் தருகிறதென்று முதலில் பொலிஸ் அனுமதிப்பிரிவில் கேட்டுக்கொள்ளட்டும்.